ஐந்து சென்டிமீட்டர் வளர்ச்சித் திட்டம்

நாற்பத்தெட்டாவது வயதில், உயரமாக வளர்வது என்று நான் முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். அவனவன் என்னென்னவோ முடிவு செய்கிறான். மீசையை எடுக்கிறான், மாடி கட்டுகிறான், திடீரென்று புல்லாங்குழல் கற்றுக்கொண்டு அக்கம்பக்கத்தைத் துரத்துகிறான். அவர்களை யாரும் கேட்பதில்லை. நான் ஆசைப்பட்டது வெறும் ஐந்து சென்டிமீட்டர். அதுவும் என் சொந்த எலும்பில்.

எல்லாம் என் நாற்காலியைக் காப்பாற்றத்தான்.

நாற்காலி என்றால் சும்மா நாற்காலி இல்லை. பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், கால் தானாக மேலே எழும்பும். வேலையிலிருந்து வந்து அதில் விழுந்தேன் என்றால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சில நாள் சாப்பாடே நாற்காலிக்கு வந்துவிடும். என் உடம்பு அதில் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. நான் இல்லாதபோதும் நான் இருப்பது போலத் தெரியும். ஒருமுறை என் மனைவி வெற்று நாற்காலியிடம் கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். பதிலே வராததால் நான்தான் என்று நினைத்தாளாம்.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். கடைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது என் வேலை. என் மனைவிக்குத் தையல். வீட்டு முன்னறைதான் அவள் கடை. எனக்குக் கிலோ, அவளுக்குச் சென்டிமீட்டர். கல்யாணமான நாளிலிருந்து அவள் எல்லைக்குள் நான் போனதில்லை, என் எல்லைக்குள் அவள் வந்ததில்லை. குடும்பம் அமைதியாக ஓடிய ரகசியம் அதுதான்.

அந்த அமைதியில் மண்ணைப் போட்டவர் ஒரு நர்ஸம்மா.

அவர் வந்தது யூனிஃபார்ம் அளவு கொடுக்க. வந்தவரை அளந்து அனுப்புவதுதானே முறை? என் மனைவி அவரை அளந்து முடித்துவிட்டு, "அக்கா, இவரையும் கொஞ்சம் அளந்து பாருங்களேன்" என்றாள்.

நான் நாற்காலியில் மல்லாந்திருந்தேன். எழுப்பினார்கள். நான் முத்திரை குத்திய வீட்டு எடை மெஷினிலேயே என்னை ஏற்றினார்கள். எழுபத்துநாலு கிலோ. முன்னறைக் கதவு நிலையில் மனைவி ஓர் அளவுப் பட்டை ஒட்டி வைத்திருக்கிறாள். நீள உடை தைக்க வருபவர்களை அதில் சாய்த்து நிறுத்தித்தான் உயரம் பார்ப்பாள். அதில் என்னையும் நிறுத்தினார்கள். நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.

"இப்ப எடையை உயரத்தால வகுக்கணும் சார். உயரம் மீட்டர்ல. வர்ற விடையை மறுபடியும் அதே உயரத்தால வகுக்கணும்" என்றார் நர்ஸம்மா, ஃபோனில் தட்டிக்கொண்டே. "அதுக்குப் பேருதான் பி.எம்.ஐ. உங்களுக்கு இருபத்தாறு புள்ளி ரெண்டு."

"நல்ல மார்க்கா?"

"மார்க் இல்ல சார். பதினெட்டரையிலேர்ந்து இருபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். நீங்க தாண்டிட்டீங்க."

"தாண்டுனா பாஸ்தானே?"

"பாவம், விடுங்கக்கா" என்றாள் மனைவி. "வாழ்க்கையில இவரு ஒண்ணைத் தாண்டுனது இதுதான் முதல் தடவை."

நான் விடவில்லை. "இந்தக் கணக்குக்கு என் எடை எலும்பா, தசையா, கொழுப்பான்னு தெரியுமா?"

"தெரியாதுதான் சார். இது ஒரு சல்லடை மாதிரி. மேலோட்டமா சலிச்சுக் காட்டும், அவ்வளவுதான். நல்ல பயில்வானுக்குக்கூட அதிகமாத்தான் வரும்."

"கேட்டியா! நான் பயில்வானா இருக்கலாம்!"

"ஆமாமா. ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி என்கிட்ட கொண்டு வர்ற பயில்வான்."

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே பையிலிருந்து கருவியை எடுத்து என் கையில் பட்டையைச் சுற்றினார். புஸ் புஸ் என்று அமுக்கினார். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பிரஷர் எல்லைக்கோட்டுல நிக்குது சார். இடுப்புலயும் சதை சேர்ந்திருக்கு. அதனாலதான் இந்த நம்பரை லேசா எடுத்துக்க முடியாது. இப்பவே கவனிச்சா மாத்திரை இல்லாமலே சரியாயிடும்."

அதுவரை கடகடவென்று ஓடிய தையல் மெஷின் நின்றது. அது நிற்பது எங்கள் வீட்டில் இடி விழுந்ததற்குச் சமம்.

பிறகு தீர்ப்பு வந்தது. "இன்னும் ரெண்டு மாசத்துல நர்ஸம்மா அடுத்த யூனிஃபார்ம் வாங்க வருவாங்க. அன்னைக்கு மறுபடியும் அளப்பாங்க. இருபத்தஞ்சுக்குள்ள வரலேன்னா இந்த நாற்காலி வெளியே போகுது. என் தம்பி வீட்டுல நடக்கிற மெஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. அது இந்த இடத்துக்கு வருது."

"நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. நீங்கதான் ஒண்ணுமே பண்ணல."

நான் நாற்காலியின் கையைத் தடவிக் கொடுத்தேன். உன்னை விட்டுவிடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன்.

எடையைக் குறைக்க வேண்டுமென்றால் நாலு கிலோ போக வேண்டும். நாலு கிலோ என்பது எனக்குத் தெரிந்த பொருள். நாள் முழுக்கக் கையால் தூக்குகிறேன். அது சாமானியத்தில் போகிற ஆசாமி இல்லை. மெஷினைத் திருத்தலாமா என்றால், அது என்னால் ஆகாது. ஐம்பது கிராம் அடித்த காய்கறிக்காரரை நடுக்கடையில் அழவிட்டவன் நான். செத்தாலும் தராசில் கை வைக்கமாட்டேன்.

அப்போதுதான் மூளையில் பளிச்சென்றது. வகுத்தல் கணக்கில் மேலே இருப்பதைக் குறைப்பானேன்? கீழே இருப்பதைக் கூட்டினால் போதுமே! அதுவும் உயரம் இரண்டு தடவை வகுக்கிறது. எடைக்கு ஒரு வேலை, உயரத்துக்கு டபுள் டியூட்டி. கெட்டிக்காரன் எந்தப் பக்கம் போவான்? போட்டுப் பார்த்தேன். நூற்று எழுபத்துமூன்று சென்டிமீட்டர் இருந்தால் இருபத்துநாலு புள்ளி ஏழு. ஐந்தே ஐந்து சென்டிமீட்டர்!

பக்கத்து வீட்டில் ஒரு டிரில் மாஸ்டர் இருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. ஆள் பனைமர உயரம். அவரை ஓரங்கட்டிக் கேட்டேன்.

"மாஸ்டர், உயரமா வளர என்ன செய்யணும்?"

"யாருக்கு?"

"என் நண்பர் ஒருத்தருக்கு."

"நண்பருக்கு என்ன வயசு?"

"நாற்பத்தெட்டு."

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். உச்சிக்கும் உள்ளங்காலுக்கும் அதிக தூரமில்லாததால் சீக்கிரமே பார்த்து முடித்தார். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் சொன்னார் பாருங்கள், அப்படியொரு விஞ்ஞானம் நான் கேட்டதே இல்லை.

"முதுகெலும்பு ஒரு ஸ்பிரிங் சார். சர்க்கரை சாப்பிட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கும், விரியாது. உங்க நண்பரை டீயில சர்க்கரையே போடக் கூடாதுன்னு சொல்லுங்க."

"பொரிச்சது?"

"எண்ணெய் பட்டா ஸ்பிரிங் வழுக்கிக் கீழே இறங்கிடும். கூடாது. ராத்திரிச் சாப்பாடு இருட்டுறதுக்கு முன்னாடி, அதுவும் பாதி வயிறு. வயிறு கனத்தா ஸ்பிரிங்கைக் கீழே இழுக்கும் பாருங்க. லிஃப்ட்டுல ஏறக் கூடாது. படி ஏறுனாத்தான் கால் எலும்பு நீளும். காலையில ஏரிக்கரை வரைக்கும் வேகமா நடக்கணும், ரெண்டு கையையும் மேலே தூக்கிக்கிட்டு."

"கை எதுக்கு மேலே?"

"எலும்புக்கு எந்தப் பக்கம் வளரணும்னு தெரிய வேண்டாமா சார்?"

என்ன தெளிவு! அவர் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தால் உயரம் குறையுமோ என்று பயந்து நின்றபடியே கும்பிட்டேன்.

அன்று தொடங்கியது என் வளர்ச்சி. விடியற்காலையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாலையில் நடந்தேன். முதல் நாள் ஒரு பஸ் நின்றது. நான் ஏறவில்லை. ஓட்டுநர் சொன்னதை இங்கே எழுத முடியாது. இரண்டாம் நாள் இரண்டு பஸ் நின்றன. அப்புறம் அந்தத் தடத்து ஓட்டுநர்களுக்கெல்லாம் நான் பழகிவிட்டேன். பதிலுக்கு அவர்களும் கை தூக்கிக் காட்டினார்கள். ஒருநாள் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கியபடியே மளிகைக் கடைச் சோதனைக்குப் போய்விட்டேன். சோதனை போட வந்தவனே சரணடைகிறானே என்று கடைக்காரர் குழம்பிப்போனார்.

வீட்டில் டீயைத் தள்ளி வைத்தேன். "சர்க்கரை வேண்டாம்."

"ஏங்க, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு கொள்கை."

மனைவி சட்டென்று முகத்தைத் தையல் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் மன உறுதியைக் கண்டு அழுகிறாள் போலிருக்கிறது என்று எனக்கே மனது இளகிவிட்டது.

எடை மெஷினை அவள் துணி சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். "பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைப் பார்க்கக் கூடாது" என்றாள். எனக்கு அது தேவையும் படவில்லை. எடை ஒரு கிராம்கூட அசையவில்லை என்பதற்கு என் பேண்ட்டே சாட்சி. முன்பு எப்படி இடுப்பைப் பிடித்ததோ அப்படியே பிடித்தது. ஒரு நூல்கூடத் தொளதொளக்கவில்லை. நான் நம்பியதெல்லாம் உயரத்தைத்தான்.

அந்த உயரம் என்னைக் கைவிட்டது.

நர்ஸம்மா வருவதற்கு முதல் நாள் பட்டையில் சாய்ந்து நின்று, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. மூச்சை இழுத்துப் பிடித்தேன். நூற்று அறுபத்தெட்டு. தலைமுடியைக் கோதி மேலே தூக்கினேன். அதில் தூக்குவதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை.

மாஸ்டரிடம் ஓடினேன். "உங்க நண்பருக்குப் பிடிவாதக்கார எலும்பு சார்" என்று கையை விரித்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போனாள். நானும் நாற்காலியும் தனியாக இருந்தோம். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அவள் கத்தரிக்கோலைப் பார்த்தேன்.

தராசில்தான் கை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். டேப்பைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. கதவு நிலையிலிருந்து பட்டையைப் பக்குவமாக உரித்தேன். அடியில் ஐந்து சென்டிமீட்டரைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தை அந்த அளவுக்குக் கீழே இறக்கி ஒட்டினேன். சாய்ந்து நின்றேன். நூற்று எழுபத்துமூன்று! வளர்ந்துவிட்டேன்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை நர்ஸம்மா வந்தார். கூடவே டிரில் மாஸ்டரும், பேண்ட் வாங்கும் சாக்கில். நான் ராஜநடை போட்டுப் போய்ப் பட்டையில் சாய்ந்து நின்றேன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி. "அக்கா, அந்தப் பட்டை வேண்டாம். அதுக்கு என்னமோ ஆயிடுச்சு."

நான் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். "என்ன ஆச்சு?"

"காலையில ஒரு உடைக்கு நீளம் பார்க்க நானே நின்னு பார்த்தேன். ஒரே ராத்திரியில அஞ்சு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கேன்."

"வாழ்த்துகள்" என்றேன் பலவீனமாக.

"மாஸ்டரும் இப்பதான் நின்னாரு. அவரும் வளர்ந்திருக்காரு."

"இந்த வயசுல!" என்றார் மாஸ்டர், பூரித்துப்போய்.

கழுத்திலிருந்த தையல் டேப்பை மனைவி உருவினாள். அவள் டேப் பொய் சொல்லாது என்பது ஊருக்கே தெரியும். நர்ஸம்மா என் தலைமேல் புத்தகத்தை வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். மனைவி அளந்தாள்.

"நூத்தி அறுபத்தெட்டு."

தீர்ந்தது. நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடி வழக்கத்தைவிடச் சோகமாகத் தொங்குவது போலிருந்தது. பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த எடை மெஷினில், தூக்கு மேடைக்குப் போகிறவனைப் போல ஏறினேன்.

"எழுபது" என்றார் நர்ஸம்மா.

"என்னது?"

"எழுபது கிலோ சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரிடம் விடுகிறார்கள் கதை? "எழுபத்துநாலும்மா நான்! இந்த மெஷின் கெட்டுப்போச்சு!"

"எடை குறைஞ்சிருக்குன்னு சொன்னா சண்டைக்கு வர்ற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி. "அதுல இருக்கிறது யார் முத்திரை?"

"என் முத்திரைதான். இருந்தாலும் பொய் சொல்லுது!"

"உங்க பையில எடைக்கல் இருக்குமே. சோதிச்சுடுங்க."

சோதித்தேன். தொழில் பையைத் திறந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். மெஷின் ஒரு இம்மி பிசகவில்லை. என் முத்திரை என்னையே பார்த்து இளித்தது. நர்ஸம்மா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். "இருபத்துநாலு புள்ளி எட்டு! எல்லைக்குள்ள வந்துட்டீங்க சார்!"

"ஆனா என் பேண்ட்..." என்று இழுத்தேன். "பேண்ட் அப்படியேதானே இருக்கு?"

மனைவி அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய பேண்ட்டை எடுத்து நீட்டினாள். "இதை மட்டும் நான் தொடல. போட்டுக்கிட்டு வாங்க."

உள்ளே போய்ப் போட்டேன். வெளியே வரும்போது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். ஒரு கையை விட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

"துவைச்சுக் காயப்போட்ட பேண்ட்டை வாராவாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா இடுப்பைப் பிடிச்சுத் தைச்சேன்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? ஒரு கிலோ குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே அதைக் கொண்டாட ரெண்டு கிலோ சாப்பிட்டிருப்பீங்க."

அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இன்னொன்று உறுத்தியது. "நான் எடை குறையறதுக்கு ஒண்ணுமே பண்ணலையே! நான் பண்ணதெல்லாம் உயரத்துக்குத்தானே, இந்த மாஸ்டர் சொல்லி..."

மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் விசிலைப் பார்த்தார்.

"அவருக்கு என்னங்க தெரியும்?" என்றாள் மனைவி, அவருக்குப் பேண்ட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே. "ஒரு ராத்திரி டைம் கேட்டாரே, அப்ப என்கிட்டதான் வந்தாரு. எழுதிக் கொடுக்காத குறையா நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சர்க்கரை, எண்ணெய், படி, நடை எல்லாம் என்னுது."

"கையைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது?"

"அது மட்டும் மாஸ்டர் சொந்தமா சேர்த்தது."

"கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு" என்றார் மாஸ்டர்.

மனைவி என் பக்கத்தில் வந்து என் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டாள். கத்தரித்த துண்டுப் பட்டை வெளியே வந்தது. "நீங்க என் டேப்புல அஞ்சு சென்டிமீட்டர் வெட்டுனீங்க. நான் உங்க இடுப்புல அஞ்சு சென்டிமீட்டர் வெட்டிட்டேன். சரிக்குச் சரி."

எனக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பேண்ட்டைப் பிடித்தாக வேண்டும்.

நர்ஸம்மா மறுபடியும் கருவியைச் சுற்றிப் புஸ் புஸ் என்று அமுக்கினார். "பிரஷரும் நல்லா இறங்கிடுச்சு. இத்தோட விட்டுடாதீங்க சார். இடுப்பு, உயரத்துல பாதிக்குள்ள வரணும். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு." யூனிஃபார்மை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மாஸ்டரும் அவர் பின்னாலேயே நழுவிவிட்டார்.

மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் மிதிக்கவில்லை. "அன்னைக்கு அவங்க முகம் மாறுனதும் எனக்குக் கை கால் ஓடலைங்க. ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள்.

இத்தனை சூழ்ச்சியும் என் மேல் உள்ள ஆசையிலா? என்னைக் கோமாளியாக்கியவள்மேல் கோபம் வர வேண்டும். வரவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் மீறி ஒன்று நிச்சயம். நாற்காலி என்னுடையது! உயரமோ எடையோ, ஜெயித்தது நான்! கைப்பிடியை இழுத்துச் சாய்ந்தேன். கால் மேலே எழும்பியது. என் அச்சு எனக்கே கொஞ்சம் பெரிதாக இருந்தது, அதனால் என்ன? வெற்றியை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உடனே மச்சானுக்கு ஃபோன் போட்டேன்.

"மச்சான், உன் நடக்கிற மெஷின் உன் வீட்டுலயே இருக்கட்டும்! எனக்குத் தேவையில்ல! உங்கக்காவை நான் ஜெயிச்சுட்டேன்!"

முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"எந்த மெஷின், மாமா?" என்றான் மச்சான்.